செஞ்சிக் கோட்டையின் சமதரை



செஞ்சியைப் பற்றிப் பேச எழுகின்ற எவரும் முதலில் மலையுச்சியை நோக்கிக் கை நீட்டுவதுதான் வழக்கம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று முக்கோணமாக நின்று, திண்டிவனத்திலிருந்து வருகிறவர்களையும் திருவண்ணாமலையிலிருந்து வருகிறவர்களையும் வெகு தூரத்திலேயே தம் பக்கம் பார்க்கச் செய்கின்ற இம்மூன்று குன்றுகளின் கம்பீரம் அப்படிப்பட்டது. அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. 2025-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பின்கீழ்ப் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தபோது, அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, தமிழ்நாட்டின் பங்காக நின்றது நம் செஞ்சி ஒன்றே என்ற செய்தி வந்ததும் நாமெல்லாரும் அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமைக்கு நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. ஆயினும் இன்று மாலை உச்சியைப் பற்றிப் பேசாமல், ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலும், களஞ்சியங்களும், குதிரை லாயங்களும், ஆனைக்குளமும், வேங்கடரமணர் ஆலயமும், சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் பரந்து கிடக்கின்ற சமதரையைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். அந்தத் தரையில் யாரெல்லாம் பிறர் துணையின்றி உலாவ முடிகிறது, யாரெல்லாம் வாசலோடு நின்றுவிட நேர்கிறது என்பதே என் விஷயம்.

கோட்டை என்பது, யோசித்துப் பார்க்குங்கால், தடுப்பதையே ஒரு சாஸ்திரமாக வளர்த்தவர்களின் கைவேலை. ஆனந்தக் கோன் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படுகின்ற இந்த அரணை, விஜயநகரத்தாரும் அவர்கள்வழி வந்த நாயக்கர்களும், பீஜப்பூர்ச் சுல்தானின் தளகர்த்தர்களும், 1677-ல் இதனைக் கைப்பற்றிய சிவாஜி மகாராஜாவும், அவருக்குப் பின் மொகலாயரும், 1750-ல் இரவோடிரவாகப் புகுந்த பிரெஞ்சுக்காரரும் தத்தம் காலத்தில் ஆண்டனர். வருகிறவன் வழியில் இன்னுமொரு தடையை எப்படிச் சேர்ப்பது என்ற சிந்தனை அவர்களில் எவரையும் விட்டதில்லை. நேராகச் செல்லவேண்டிய வாசல் வேண்டுமென்றே வளைக்கப்பட்டது. ஒரு வாசலைக் கடந்தவனுக்கு அடுத்த வாசல் மறைவாக வைக்கப்பட்டது. ராஜகிரியின் உச்சியை நெருங்குகின்ற இடத்தில் இயற்கையே பிளந்து வைத்த ஆழமான வெடிப்பின் மீது, வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய மரப்பாலம் ஒன்று போடப்பட்டு, பத்துப் பேர் நின்று பதினாயிரம் பேரைத் தடுக்கலாம் என்ற நிலை உண்டாக்கப்பட்டது. இந்தச் சாஸ்திரம் எவ்வளவு சிறப்பாக வேலை செய்தது என்பதற்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-ல் வெளியிட்ட செஞ்சி வரலாற்றைப் புரட்டினாலே போதும்: சுல்பிகார் கான் என்னும் மொகலாயத் தளபதி 1690-ல் முற்றுகையைத் தொடங்கி, மராட்டிய அரசர் ராஜாராம் இருந்த கோட்டைக்குள் காலடி வைக்க 1698 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சண்டைகள் ஓய்ந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கோட்டை மட்டும் தன் பழைய உத்தியோகத்தைக் கைவிடவில்லை. இன்றும் தடுத்துக்கொண்டே இருக்கிறது. விடுமுறை நாளில் வேனிலோ பேருந்திலோ வந்து இறங்குகின்ற குடும்பங்களைச் சற்றே கவனித்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் முழங்கால் மடங்காத கிழவி ஒருத்தி இருப்பாள்; சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப்போன சித்தப்பா ஒருவர் இருப்பார்; கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்கமாட்டாமல் காதைப் பொத்திக்கொள்கின்ற பிள்ளை ஒன்று இருக்கும். "நீ இங்கியே நிழல்ல குந்து ஆயா, நாங்க ஏறிப் பாத்துட்டு வந்துடறோம்" என்று அன்போடுதான் சொல்லுகிறார்கள். அந்த ஆயாவும் தண்ணீர்ப் பாட்டிலையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு, தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்தவளாக உட்கார்ந்திருக்கிறாள். 2011-ம் ஆண்டின் ஜனக்கணக்குப்படி நம் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகள் என்று எழுதப்பட்டவர்கள் சுமார் 11.8 லட்சம் பேர். அந்த ஆயா அக்கணக்கில் சேர்ந்திருக்கமாட்டாள். நிறைமாதக் கர்ப்பிணியும், கைக்குழந்தைக்காரியும், போன மாதம் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்ட வாலிபனும் அதில் இல்லை. ஆகவே, சிறு பகுதியினரின் சௌகரியத்துக்காகப் பெரும்பான்மையோர் செலவு செய்வதா என்று கேட்கிறவர்கள், தங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு முறை எண்ணிவிட்டு வந்து கேட்கலாம்.

மலையுச்சியைத் தள்ளி வைத்தது ஏன் என்று சிலருக்குத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்துக்கு, ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது மத்திய அரசின் கட்டட வழிகாட்டு நெறிகளில் கண்ட விகிதம். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. அப்படியானால் 9,600 அடி, அதாவது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு மலையைச் சுற்றிச் சுற்றிச் சாய்தளம் போக வேண்டும்; நடுவில் இளைப்பாறும் தட்டுகள் வேறு. அதைக் கட்டி முடித்தால் சாய்தளம் இருக்கும், கோட்டை இருக்காது. கம்பிவட ஊர்தி போடலாமே என்பர். பழனியில் 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது, 2004 முதல் ரோப் காரும் ஓடுகிறது, 1,305 படிகளைக் கொண்ட சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கு 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது, வயோதிகர்கள் வாழ்த்துகிறார்கள். ஆனால் அங்கெல்லாம் உச்சியில் இருப்பது வழிபாடு நடக்கின்ற பெருங்கோயில். போக வேண்டிய இடம் அது ஒன்றே. செஞ்சியிலோ பார்க்க வேண்டியதில் பெரும்பங்கு கீழே இருக்கிறது. உலகச் சின்னமாகிவிட்ட ஓரிடத்தின் வானத்தில் கம்பிகளை இழுப்பதற்கு எத்தனை ஆண்டு விவாதம் வேண்டியிருக்குமோ அத்தனை ஆண்டும் அதைக் காரணம் காட்டிக் கீழ்த்தரையைக் கவனியாமல் விட்டுவிடுவோம் என்பதே என் அச்சம். எட்டாத உச்சியைப் பற்றி வாதாடிக்கொண்டு எட்டுகின்ற தரையை மறந்துவிடுவது நம்மவர்களுக்குப் பழகிப்போன சோம்பேறித்தனம்.

இனி, எத்தகைய ஏற்பாடு வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு மேல்நாட்டுப் புத்தகங்களைத் தேடிப் போவதற்குமுன், நம்முடைய இலக்கியச் சரித்திரத்திலேயே இரண்டு வழிகள் காட்டப்பட்டிருப்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

முதல் வழி இரட்டைப் புலவர்களுடையது. இளஞ்சூரியர், முதுசூரியர் என்ற அவ்விருவரில் ஒருவருக்குப் பார்வை இல்லை. மற்றவருக்கு நடை இல்லை. நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமக்க, தோளில் இருந்தவர் வழி சொல்ல, இருவரும் சேர்ந்து தமிழ்நாட்டின் தலங்கள் தோறும் சென்று, முதல் இரண்டடியை ஒருவரும் பின் இரண்டடியை மற்றவருமாகப் பாடினார்கள் என்பது கர்ணபரம்பரை. தில்லைக்குக் கலம்பகம் பாடியவர்கள், காஞ்சி ஏகாம்பரநாதருக்கு உலாப் பாடியவர்கள், நம் விழுப்புரத்துக்கு அருகிலிருக்கும் திருவாமாத்தூருக்கும் ஒரு கலம்பகம் பாடினார்கள். அந்தக் கலம்பகத்தில் கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று அரங்கேற்றத்தில் ஆட்சேபம் எழுந்ததாகவும், அன்றிரவே வெள்ளம் வந்து ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டு பாட்டை மெய்யாக்கியதாகவும் அவ்வூரார் கதை சொல்லுவர். இயலாதவர்கள் என்று பிறர் நினைத்த இருவருக்காக ஓர் ஆறே வழி மாறிய ஜில்லா இது. நாம் நான்கு படிக்கற்களுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் போட மாமாங்கக் கணக்கில் தாமதிக்கிறோம்.

இரண்டாவது வழி திருவாரூர்த் தண்டியடிகளுடையது. பிறவியிலேயே பார்வையற்றவரான அவர், ஆலயத்தின் மேற்குப் புறத்துக் குளம் தூர்ந்து போனதைக் கேள்வியுற்று, தாமே அதனைத் தோண்டி விரிவாக்கத் துணிந்தார் என்று சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடியிருக்கிறார். எப்படித் தோண்டினார்? குளத்துக்குள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்து, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, அதைத் தடவிக்கொண்டே ஏறி மண்ணைக் கொட்டினார். முடிவில் இறைவன் அருளால் அவருக்குக் கண் கிடைத்தது என்ற அற்புதத்தை நம் பிரசங்கிகள் விரித்து விரித்துச் சொல்லுவார்கள். அற்புதம் நிகழ்வதற்கு முந்தைய நாட்களிலெல்லாம் அவரை வேலை செய்ய வைத்த கயிற்றைப் பற்றி ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுவார்கள். எனக்கோ அந்தக் கயிறுதான் பெரிதாகத் தோன்றுகிறது. ஜப்பான் தேசத்தில் செய்இச்சி மியாகே என்பவர் 1965-ல், பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் உணர்ந்து நடப்பதற்கான மேடுகள் கொண்ட தரை ஓடுகளைக் கண்டுபிடித்து, 1967-ல் ஒகயாமா நகரத்துச் சாலையில் முதன்முதலாகப் பதித்தார். இன்று சென்னை மெட்ரோ நிலையங்களில் நீங்கள் மிதித்துச் செல்லும் மஞ்சள் ஓடுகள் அவற்றின் வம்சமே. தண்டியடிகளின் கயிற்றுக்கும் அந்த ஓட்டுக்கும் கருத்தளவில் பேதமில்லை.

தோளையும் கயிற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தோள் கொடுப்பது உத்தமமான காரியம். இரட்டையரின் நட்பை நினைத்தால் கண் கலங்குகிறது. ஆனால் அந்தத் தோள் இல்லாத நாளில் மற்றவர் எங்கும் போக முடியாது. கயிறோ ஒரு முறை கட்டிவிட்டால் எப்போது வேண்டுமானாலும், யாரையும் கூப்பிடாமல், யாருக்கும் நன்றி சொல்லாமல் தம் இஷ்டப்படி போய்வர இடம் கொடுக்கிறது. நம் ஊர்ப் பாதையோரங்களில், கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்ட சுமைதாங்கிக் கற்களைப் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் இன்னொருவர் கையை எதிர்பாராமல், நின்ற நிலையிலேயே சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் தக்க உயரத்தில் அந்தக் குறுக்குக் கல் இருக்கும். அந்த உயரத்தைத் தீர்மானித்தவன் சுமந்து பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். செஞ்சியின் சமதரையில் நான் வேண்டுவது இத்தகைய ஏற்பாடு. சக்கர நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிப் படியேற்றுவதை அன்பென்று சொல்லலாம், வசதியென்று சொல்ல முடியாது. தூக்கப்படுகிறவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

வழி செய்ய முடியாது என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 2001 ஜனவரியில் பௌதிக மேதை ஸ்டீபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தபோது, அவருடைய சக்கர நாற்காலி செல்லும்படி குதுப் மினார், ஜந்தர் மந்தர் முதலிய சின்னங்களில் தொல்லியல் துறையினர் மரச் சாய்தளங்களை அமைத்துக் கொடுத்தார்கள். அதற்காக மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்குப் போராடிய ஜாவித் அபிதி முதலியோர் வாதாட வேண்டியிருந்தது. ஓர் உலகப் பிரசித்தருக்காகச் சில நாட்களில் முடிந்த காரியம், உள்ளூர் மனிதருக்காக ஏன் ஆண்டுக்கணக்கில் முடியாமற்போகிறது என்ற கேள்வியை அந்தச் சாய்தளங்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுப்பிவிட்டன.

சட்டமோ தெளிவாகவே இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் இருக்கின்ற கட்டடங்களையெல்லாம் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் தடையற்றவையாக்க வேண்டுமென்றது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022-ல் கடந்துவிட்டது. 2024 நவம்பர் 8-ந் தேதி, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம், இவ்விஷயத்தில் யோசனைகள் போல எழுதப்பட்ட விதி சட்டத்துக்குப் பொருந்தாதென்றும், கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டிய அளவுகளை வகுக்க வேண்டுமென்றும் கூறியது. இதற்கு மேல் சட்டத்தைப் பற்றி இம்மேடையில் விரிப்பது அவசியமில்லை.

நம் தலைநகரில் நடந்த ஒரு முயற்சியைச் சொல்லியாக வேண்டும். மெரினா மணலில் சக்கர நாற்காலி புதையும். ஆகவே சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும் கடலலை காலில் பட்டறியாதவர்கள் பலர் இருந்தார்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் வெகுகாலம் வற்புறுத்தியதன் பலனாக, முதலில் சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3-ந் தேதியை ஒட்டிச் சில நாட்களுக்குத் தற்காலிகப் பாதை போடப்பட்டு வந்தது. பிறகு 2022 நவம்பர் 27-ல், 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட நிரந்தர மரப்பாதை 1.14 கோடி ரூபாய் செலவில் திறக்கப்பட்டது. முதன்முதலாக அலையருகே சென்றவர்களின் ஆனந்தத்தைப் பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். திறந்தவுடன் நல்ல கால் உடைய ஜனங்களும் அதன்மீது திரண்டார்கள். அவர்களை விரட்ட வேண்டியதாயிற்று என்று குறை சொன்னார்கள் சிலர். என் அபிப்பிராயத்தில் அது குறையன்று. வழுக்காத, சமமான பாதை எல்லாருக்கும் பிடிக்கிறது என்பதற்கு அது சாட்சி, பாதையை இன்னும் அகலமாகப் போட்டிருக்க வேண்டும் என்பதற்கும் சாட்சி. இரண்டு வாரம் ஆகுமுன் மாண்டஸ் புயல் வந்து அந்த மரப்பாதையின் கடலோரப் பகுதியைச் சிதைத்தது. பின்னர் செப்பனிட வேண்டியதாயிற்று. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, திறப்பு விழாவுக்கு ஒதுக்குகின்ற சிரத்தையில் பாதியையாவது பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டுமென்பதே. செஞ்சியில் புயலுக்குப் பதில் கரையானும் வெயிலும் இருக்கின்றன.

ஏதென்ஸ் நகரத்தாரும் நம்மைப் போலவே குன்றின் மேல் பழஞ்சின்னத்தை வைத்திருப்பவர்கள். அவர்கள் 2020 டிசம்பர் 3-ல் அக்ரோபொலிஸ் குன்றுக்குப் புதிய மின்தூக்கி ஒன்றை வைத்து, மேலே சக்கர நாற்காலிகள் செல்லக் கான்கிரீட் பாதைகளும் போட்டார்கள். உடனே, பழம்பாறையைக் கான்கிரீட்டால் மூடிவிட்டார்கள் என்று தொல்லியலறிஞர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நான் நடுவராக இருந்தால், மின்தூக்கிக்கு ஆதரவாகவும் கான்கிரீட்டின் அகலத்துக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்லுவேன். செஞ்சியில் நாம் அந்தச் சண்டையைத் தவிர்த்துக்கொள்ளலாம்: பழங்கல்லைத் தொடாமல், அதன்மீது ஒரு துளையும் போடாமல், வேண்டும்போது தூக்கி எடுத்துவிடக்கூடிய மர அல்லது உலோகச் சாய்தளங்களே வாசற்கற்களின் மீது போதும். ராஜகிரியின் வெடிப்பின்மேல் எடுத்துவிடக்கூடிய பாலத்தைப் போட்ட தச்சர்களின் யுக்தியை, அவர்கள் கருதிய நோக்கத்துக்கு நேர் எதிரான நோக்கத்துக்காக நாம் கடன் வாங்கிக்கொள்வதில் தவறொன்றுமில்லை. குதிரைகளும் பீரங்கி வண்டிகளும் போய்வந்த வாசல்கள் அவை, அகலத்துக்குக் குறைவில்லை. குறுக்கே நிற்பவை படிகளும், பெயர்ந்த கற்பாவும், மழை அரித்த பள்ளங்களுந்தான்.

ஒரு மனிதர் பேருந்து நிலையத்தில் சக்கர நாற்காலியோடு இறங்குகிறார் என்று வைத்துக்கொண்டு, அவரோடு கூடவே மனத்தால் போவோம். கோட்டை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம். வெள்ளிக்கிழமையானால் ஆட்டுச் சந்தைக் கூட்டம். அமாவாசையானால் மேல்மலையனூர் அங்காளம்மனைத் தரிசிக்கப் போகிறவர்களின் நெரிசல். சாலையோரத்து நடைபாதை தொடங்கிய இடத்திலேயே முடிந்துபோகிறது. மிஞ்சிய இடத்தில் பழக்கடையும் மோட்டார் சைக்கிள்களும் நிற்கின்றன. இந்தப் பகுதி தொல்லியல் துறையின் அதிகாரத்தில் இல்லை. பேரூராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் உரியது. கோட்டைக்குள் தங்கத்தால் பாதை போட்டாலும், இந்த இரண்டு கிலோமீட்டரைக் கடக்க முடியாதவருக்கு அது பயன்படாது. தாழ்ந்த தளமுள்ள ஒரு சிறு வண்டி, பேருந்து நிலையத்துக்கும் கோட்டை வாசலுக்கும் இடையே மணிக்கொரு முறை ஓடினால் போதும். வாசலில் சீட்டு வாங்கும் ஜன்னல், நாற்காலியில் இருப்பவரின் கைக்கெட்டும்படி, முக்கால் மீட்டர் உயரத்தில் ஒரு பக்கமாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது கழிப்பறை. இதைச் சபையில் சொல்ல நாம் கூசுகிறோம். ஆனால் வெளியே புறப்படுவதற்கு முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளுகின்ற பெண்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே தெரியும். உடல் ஊனமுற்ற பெண்ணின் துன்பம் அதைவிடப் பலமடங்கு. நாற்காலி உள்ளே திரும்பும் அளவுக்கு இடமும், இரு பக்கமும் கைப்பிடியும், வெளிப்புறமாகத் திறக்கும் கதவும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டாமல் வைத்திருக்கும் மனமும் வேண்டும். 'சிறப்புக் கழிப்பறை' என்று எழுதிப் பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைக் காவலாளியின் சட்டைப் பையில் வைப்பது நம் நாட்டின் பொது வழக்கமாகிவிட்டது.

நிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் செஞ்சிப் பாறைகள் காய்கின்ற காய்ச்சலை நீங்கள் அறிவீர்கள். முதுகுத்தண்டில் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கு உடலின் பெரும்பகுதியில் வியர்ப்பதில்லை. வியர்வை இல்லாததால் உடம்பு தன் சூட்டைத் தானே தணித்துக்கொள்ள மாட்டாது. நமக்கு அசௌகரியமாக இருக்கும் வெயில் அவர்களுக்கு உயிராபத்து. ஆகவே பாதை நெடுகிலும், பழஞ்சுவர்களின் அஸ்திவாரத்துக்கு வேர் எட்டாத தூரத்தில், புங்கும் வேம்பும் வளர்ந்து நிழல் தர வேண்டும். ஐம்பதடிக்கு ஒரு தரம் சாய்வும் கைத்தாங்கலும் உள்ள ஆசனம் வேண்டும். ஆசனத்துக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்கவும் இடம் விட வேண்டும். அவ்விடத்தை விடாவிட்டால், குடும்பத்தார் பெஞ்சில் வரிசையாக உட்கார, அவர் மட்டும் பாதையின் நடுவில் தனியே நின்று பேச வேண்டிவரும். குடிதண்ணீரும் அருகே வேண்டும். குளத்திலிருந்து மண்குழாய்கள் வழியே கல்யாண மகாலின் மாடிகளுக்கே தண்ணீர் ஏற்றினார்கள் என்று பெருமை பேசுகிற நாம், தரைமட்டத்தில் ஒரு குழாயை வைக்க யோசிக்கலாகாது. குரங்குகளைப் பற்றியும் யாராவது ஓர் உபாயம் சொல்லுங்கள். ஊன்றுகோலைப் பிடித்த கையால் வாழைப்பழத்தைக் காப்பாற்றுவது அர்ச்சுனனாலும் ஆகாத காரியம்.

உச்சிக்குப் போகாதவர்களுக்கு உச்சியைக் கீழே கொண்டுவரவும் வழியுண்டு. மூன்று குன்றுகளையும், அவற்றை இணைக்கும் மதில்களையும், வாசல்களையும் வெண்கலத்தில் ஓராள் கைநீட்டும் அகலத்துக்கு வார்த்து, பிரெயில் எழுத்துக்களோடு கல்யாண மகாலின் முன் வைத்தால், பார்வையற்ற மாணவன் ஒருவன் தன் விரல்களால் பத்து நிமிஷத்தில் கோட்டையைச் சுற்றி வந்துவிடுவான். கண்ணுள்ள நாமும் முதன்முறையாக அதன் அமைப்பை முழுதாகப் புரிந்துகொள்வோம். மேலே ஏறியும் பலருக்குக் கிட்டாத ஞானம் அது. தேசிங்கு ராஜன் 1714-ல் நவாபின் சேனையை எதிர்த்து மாண்ட கதையை, நாட்டார் பாடிய நடையிலேயே ஒலிப்பதிவு செய்து கேட்பிக்கலாம்; சைகை மொழியில் சொல்லும் காட்சியையும் அதனோடு சேர்க்கலாம். அவனுடைய நீலவேணிக் குதிரையின் பாய்ச்சலைக் கைகளால் சொல்லக் காண்பது, காதால் கேட்பதற்கு இளைத்ததாக இராது என்று நம்புகிறேன்.

பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் வேண்டும். ஆனால் அதைக் கோட்டைக்குள் தேடுவது தகாது. பாதுகாக்கப்பட்ட எல்லைக்கும் அதனைச் சுற்றி நூறு மீட்டருக்கும் சட்டம் கட்டுமானத்தைத் தடுக்கிறது, தடுப்பதும் நியாயமே. அதற்கப்பால், ஊர்ப்புறத்தில், பேரூராட்சியின் பொறுப்பில் ஒரு திடல் இருக்கட்டும். முதுகுக்குத் தாங்கலும் இடுப்புக்கு வாரும் கொண்ட ஊஞ்சல், நாற்காலியிலிருந்தபடியே கைவிட்டு அளையும் உயரத்தில் மணல்தொட்டி, இரைச்சலைத் தாங்காத பிள்ளை ஒதுங்கி அமர ஒரு செடிமறைவு: இவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பெங்களூரில் கிலிகிலி என்ற பெற்றோர் அமைப்பு கோல்ஸ் பூங்காவில் தொடங்கிய இத்தகைய விளையாட்டிடம் பிற நகரங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. அங்கே தனிப் பூங்கா ஒன்றை ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்று ஒதுக்காமல், இருக்கின்ற பூங்காவில் எல்லாப் பிள்ளைகளும் கலந்து ஆடும்படி செய்தார்கள் என்பதே விசேஷம். தனியிடம் ஒதுக்குவது மரியாதை போலத் தோன்றும். வேலி போட்ட மரியாதை அது.

யார் திட்டமிடுவது என்பது கடைசிக் கேள்வி. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்று ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. 1975-ல் கடற்படைத் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் என்ற இளைஞர், தமக்கு வைத்தியம் செய்த மருத்துவர் அமர்ஜித் சிங் சகல் என்பவரின் பெயரால் 1981-ல் அதனை நிறுவினார். பின்னர் தாமும் சக்கர நாற்காலியில் இயங்குகின்ற எஸ். சங்கர ராமன் அவரோடு சேர்ந்துகொண்டார். பள்ளியும் சிகிச்சை நிலையங்களும் தொழிற்கூடமும் மரநிழலும் கொண்ட அந்த விசாலமான வளாகத்தில் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் சக்கர நாற்காலியிலேயே போய்வரலாம். அது அப்படி அமைந்ததற்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தீர்மானித்தவர்களே பயன்படுத்துகிறவர்களாக இருந்தார்கள். சரிவு செங்குத்தாக இருந்தால் முதலில் உருண்டு விழப்போகிறவர்கள் அவர்களே அல்லவா?

ஆகவே இவ்வூரில் ஒரு குழு அமையுமானால், அதில் பாதிப் பேராவது மாற்றுத்திறனாளிகளாகவும், அவர்களுள் சரிபாதி பெண்களாகவும் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களைப் பொன்னாடை போர்த்தி மேடையில் உட்கார வைப்பதற்காக அன்று. பூமி பூஜைக்கு முன்பே வரைபடத்தை அவர்கள் கையில் கொடுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டவுடன் அந்தக் கோட்டின்மேல் அவர்களை ஒருமுறை போய்வரச் செய்வதற்காக. முதலில் வாசலிலிருந்து கல்யாண மகால் வரைக்குமான பாதையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் அவர்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்தபின் களஞ்சியத்துக்கும் ஆனைக்குளத்துக்கும் நீட்டலாம். பார்த்துவிட்டு, இந்த வளைவு கூடாது, இந்தக் கைப்பிடி எட்டவில்லை, இதைப் பெயர்த்து வேறு விதமாகப் போடுங்கள் என்று அவர்கள் சொல்லக்கூடும், நிச்சயம் சொல்லுவார்கள். அப்படிப் பெயர்த்து மறுபடி போடுவதற்கான தொகையையும் பொறியாளர்கள் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்து எழுதிவிட வேண்டும்.